அளவு கடைசிக் கேள்வி: மார்பகப் பெரிதாக்க ஆபரேஷன் கேட்டு வந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 ஜூன் மாதம், கோவையில் நாங்கள் வேலை செய்யும் தனியார் மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். வயது 32. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. கணவர் வளைகுடாவில். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு இரண்டு வயதாகப் போகிறது. அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

என்ன வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. "350 சிசி, ரவுண்ட் இம்ப்ளான்ட். டிசம்பர்ல அவரு லீவுல வர்றாரு, அதுக்குள்ள ஆறிடணும்." மார்புக்குள் வைக்கும் சிலிக்கோன் பைதான் இம்ப்ளான்ட்; சிசி அதன் கொள்ளளவு. கைபேசியில் படங்கள் சேர்த்து வைத்திருந்தார். ஆகஸ்டில் ஏலச்சீட்டு எடுக்கப் போவதாகவும், பணம் அப்படியே தயாராக இருக்கும் என்றும் சொன்னார்.

இரண்டாவது குழந்தைக்குப் பால் மறக்கடித்த பிறகு மார்பு வற்றி, மேல்பக்கம் தட்டையாகிவிட்டது என்பது அவர் குறை. ஜாக்கெட்டில் பேட் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூட வந்த தோழியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இது யாருக்காக என்று கேட்டோம். எல்லோரிடமும் தனியாகத்தான் இதைக் கேட்போம். "அவரு ஒண்ணும் சொன்னதில்லீங்க. நான் இங்க வந்திருக்கறதே அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் குளிக்கறப்ப குனிஞ்சு பார்க்கப் பிடிக்கல" என்றார். நம்பும்படியான பதில். ஒரு நாளில் பல மணி நேரத்தைக் கண்ணாடி முன் கழிப்பது, வேறு உறுப்புகளையும் வரிசையாகக் குறை சொல்வது, முன்பு செய்துகொண்ட சிகிச்சை எதிலும் திருப்தி இல்லாமல் இருப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்புவோம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தால் கவலை வேறு இடத்துக்கு நகருமே தவிர தீராது. இவரிடம் அந்த அறிகுறி எதுவும் இல்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்தவர் என்பதால், இனி பால் கொடுக்க வேண்டியிருக்குமா என்ற கேள்வி இவர் விஷயத்தில் எழவில்லை. மற்றவர்களிடம் ஆரம்பத்திலேயே அதைப் பேசிவிடுவது நல்லது. காம்பைச் சுற்றி வெட்டி உள்ளே போகும் முறையில் பால் குழாய்கள் அறுபடும் வாய்ப்பு அதிகம்.

முதல் பரிசோதனையில் கண்டது

லேசாக அழுத்தியதும் இரண்டு பக்கமும் பால் கசிந்தது. குழந்தை குடிப்பதை நிறுத்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பால் சுரப்பு முழுக்க அடங்காத மார்பில் இம்ப்ளான்ட் வைத்தால் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அதோடு, மார்பு எந்த அளவில் நிலைக்கப் போகிறது என்பதே அப்போது தெரியாது. மறக்கடித்த பிறகு ஆறு மாதமாவது போகட்டும், உடல் எடையும் ஒரே நிலையில் நிற்கட்டும் என்று சொல்வது இதனால்தான்.

மார்பின் அடிப்பக்க அகலம் இருபுறமும் 11 செ.மீ. மேல்பகுதியைக் கிள்ளிப் பிடித்தால் ஒன்றரை செ.மீ.தான் தேறியது. வலது காம்பு மார்பின் கீழ்மடிப்புக்கு நேராக இறங்கியிருந்தது. இடது அதைவிடச் சற்று மேலே. சரிவு ஆரம்ப நிலையில்தான் என்பதால், இம்ப்ளான்ட் மட்டும் வைத்தாலும் ஓரளவு நிமிரும். காம்பு மடிப்புக்குக் கீழே போயிருந்தால் தோலைக் குறைத்துத் தூக்கும் ஆபரேஷனும் சேர்ந்து தேவைப்பட்டிருக்கும். அதன் தழும்புகள் பெரியவை. சரிந்த மார்பில் இம்ப்ளான்டை மட்டும் வைத்து நிரப்பினால், எடை கூடிய சரிவுதான் மிஞ்சும். பலர் "பெருசு பண்ணணும்" என்று வருகிறார்கள். பரிசோதித்துப் பார்த்தால் அவர்களுக்குத் தேவை தூக்குவதுதான்.

ஹீமோகுளோபின் 9.8, அதாவது ரத்தசோகை. நம் ஊரில் இது புதிதல்ல. ஆனால் அழகுக்காகச் செய்யும் ஓர் ஆபரேஷனுக்கு இந்த அளவோடு மேஜையில் படுக்க வைக்க மயக்க மருத்துவர் சம்மதிக்கவில்லை, சரியாகவே.

ஸ்கேனில் இடது மார்பின் வெளிப்பக்கத்தில் 14 மி.மீ. கட்டி ஒன்று தெரிந்தது. வழவழப்பான ஓரம், சாதாரணக் கட்டி போலத்தான் இருந்தது. ஆனாலும் ஊசி வழியாகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இம்ப்ளான்ட் வைத்த பிறகு இதே கட்டி கையில் தட்டுப்பட்டிருந்தால், ஊசி இம்ப்ளான்டைக் குத்திவிடுமோ என்று யோசித்து யோசித்துத்தான் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்று கேட்டதற்கு "யாருக்கும் இல்லீங்க" என்றார்.

முதல் முடிவு: இப்போது வேண்டாம்

டிசம்பர் வரை தள்ளிப்போடச் சொன்னோம். அவருக்குக் கோபம். இன்னொரு இடத்தில் அடுத்த வாரமே செய்து தருகிறார்கள், சலுகை விலை, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். நாங்கள் அங்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே போனாலும் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். ஆபரேஷன் செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் என்ன, எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட், அதற்கான அட்டையைக் கையில் தருவார்களா. இவற்றோடு இன்னொன்று: ராத்திரி ரத்தம் கசிந்தால் தியேட்டரைத் திறக்க அங்கே யார் இருப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அங்கே சரியான பதில் வரவில்லை என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

மறைத்து வைத்திருந்த சேதி

ஜூலையில் பரிசோதனை முடிவு வாங்க அம்மாவோடு வந்தார். கட்டி சாதாரணமானது, ஃபைப்ரோஅடினோமா. எடுக்க வேண்டிய அவசியமில்லை. அளவும் இடமும் பதிவாகிவிட்டதால் இனி வரும் ஸ்கேன்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினோம். கிளம்புகிற நேரத்தில் அம்மா மட்டும் தயங்கி நின்றார். "டாக்டரம்மா, எந்தங்கச்சிக்கு மார்ல ஆபரேசன் ஆச்சுங்க. நாப்பத்திமூணு வயசுல. அவ புள்ளைக கல்யாணம் ஆகற வரைக்கும் கர்ப்பப்பை ஆபரேசன்னே எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டோமுங்க."

மகளுக்கு அதுவரை தெரியாது. சித்திக்குக் கர்ப்பப்பையைத்தான் எடுத்தார்கள் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பது வயதுக்குள் நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மரபணுப் பரிசோதனையைப் பற்றிப் பேசியாக வேண்டும். பரிசோதனையை நோய் வந்தவரிடமிருந்து தொடங்கினால்தான் முடிவுக்கு முழுப் பொருள் கிடைக்கும். சித்தி சம்மதித்து ரத்தம் கொடுத்தார். மார்பகப் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களில் மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. மாற்றம் இருந்திருந்தால் அழகு ஆபரேஷன் பேச்சையே நிறுத்திவிட்டு வேறு திசையில் போயிருப்போம். இல்லை என்று வந்ததால் ஆபத்து முழுக்க நீங்கிவிட்டது என்று ஆகாது. வழக்கமான கண்காணிப்பைக் கொஞ்சம் சீக்கிரமே தொடங்க வேண்டும் என்று மட்டும் ஆகிறது. அடிப்படைப் பதிவாக ஒரு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து வைத்தோம். இம்ப்ளான்ட் மேமோகிராமில் சதையின் ஒரு பகுதியை மறைக்கும். அதனால் பின்னாளில் எடுக்கும்போது, இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளிச் சதையை முன்னால் இழுத்துக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும். எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதையும் விளக்கினோம்.

கணவரின் கேள்வி

டிசம்பரில் கணவர் வந்தார். மனைவி விஷயத்தைச் சொல்ல, முதலில் வேண்டாம் என்றிருக்கிறார். பிறகு அவரே கூட வந்து உட்கார்ந்தார். வயதுவந்த பெண்ணின் ஆபரேஷனுக்கு அவருடைய கையெழுத்து மட்டும் போதும், கணவரின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை என்பதை இருவர் முன்னாலும் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு வருஷம் கழிச்சு வேண்டாம்னா எடுத்துட முடியுமா?"

எங்களிடம் வருபவர்களில் அதைக் கேட்பவர்கள் குறைவு. எடுக்கலாம். ஆனால் பழைய மார்பு திரும்பக் கிடைக்காது. தோல் விரிந்திருக்கும், உள்ளே இருக்கும் சதை அழுத்தத்தில் மெலிந்திருக்கும். எடுக்காமல் விட்டாலும் அது ஆயுளுக்கும் நிற்கிற பொருள் அல்ல. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரிலிருந்து எல்லா மார்பக இம்ப்ளான்ட்களிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இவை ஆயுள் முழுக்க வருபவை அல்ல, நாளாக ஆகச் சிக்கல்கள் கூடும் என்பது அதில் இருக்கிறது. சிலிக்கோன் ஜெல் இம்ப்ளான்ட் உள்ளேயே கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் ஆபரேஷன் ஆகி ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்குக் காரணம் பிடிபடாத சோர்வு, மூட்டுவலி, ஞாபக மறதி வருகிறது; எடுத்த பிறகு குறைந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அபூர்வமாக, இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் உறையில் ஒருவகைப் புற்றுநோய் வருவதும் தெரிந்த விஷயம்தான். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்டவற்றோடு அதற்குத் தொடர்பு அதிகம். அந்த வகையில் ஒரு கம்பெனியின் இம்ப்ளான்ட்கள் 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டன. நாங்கள் வழவழப்பான வகையைத் தேர்ந்தெடுத்ததற்கு இது முக்கியக் காரணம்.

பணக் கணக்கு

செலவு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். அழகுக்காகச் செய்வதால் அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக இருந்தது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, விபத்துக் காயம் ஆகியவற்றைச் சரிசெய்வதற்குத்தான் விலக்கு. காப்பீடும் கை கொடுக்காது. 2018-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அளவு தொடர்பான ஆபரேஷன்களை இலவசமாகச் செய்யப் போவதாக அரசு அறிவித்தபோது, ஏழைகளுக்கு இது தேவையா என்று பெரிய விவாதம் நடந்தது. அங்கே போகலாமா என்று இவரும் யோசித்திருக்கிறார். யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று விட்டுவிட்டார். சீட்டுப் பணத்தை மொத்தமாகச் செலவழிக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு தொடாமல் இருக்கட்டும் என்று சொன்னோம். முதல் ஆபரேஷனுக்கு மட்டும் பணம் இருக்கிறவரிடம் இந்த ஆபரேஷனுக்குப் போதிய பணம் இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

அளவு

ஜனவரியில்தான் அளவுக்கு வந்தோம். 11 செ.மீ. அகல மார்பில், ஒன்றரை செ.மீ. சதை மூடாக்கின் கீழே, 350 சிசியை வைத்தால் ஓரம் வெளியே தெரியும், தோலில் அலை விழும், நாளடைவில் கீழே இறங்கும். ஆனால் எண்ணைச் சொல்லி யாரையும் சம்மதிக்க வைக்க முடியாது. வீட்டில் அரிசியை மில்லி அளந்து துணிப்பையில் கட்டி பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்து பார்க்கச் சொன்னோம். மில்லியும் சிசியும் ஒன்றுதான். முதல் நாள் 350. ஸ்கூட்டியில் போனபோது பரவாயில்லையாம். சாயங்காலம் மாவு ஆட்டக் குனிந்தபோது தோள்பட்டை இழுக்க, கழற்றி வைத்துவிட்டார். மறுநாள் 250. "இது இருக்கறதே மறந்துட்டேன்" என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார். 255 சிசி என்று முடிவானது.

ஆபரேஷனும் அன்றைய இரவும்

2023 பிப்ரவரி. பால் கசிவு நின்றிருந்தது, ஹீமோகுளோபின் 11.6. முழு மயக்கத்தில், மார்பின் கீழ்மடிப்பில் வெட்டி, இம்ப்ளான்டின் மேல்பாதி நெஞ்சுத் தசைக்குக் கீழேயும் கீழ்பாதி மார்புச் சதைக்குக் கீழேயும் வரும்படி வைத்தோம். மேல்பகுதியில் சதை மெலிந்தவருக்கு அந்த மூடாக்கு தேவை. சிக்கல் இல்லாமல் முடிந்தது.

இரவு ஒன்பதரை மணிக்கு இடது பக்கம் இறுகி வலிப்பதாகச் சொன்னார். வலது பக்கத்துக்குப் போதுமாக இருந்த வலி மருந்து இடதுக்குப் போதவில்லை. நர்ஸ் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது இடது மார்பு வலதைவிட ஒரு பிடி பெரிதாக, தோல் பளபளவென்று நின்றது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆகலாம். காலை வரை பார்க்கலாம் என்று விட்டால் தோலே பாழாகலாம். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் ரத்தக்கட்டியை அகற்றி, கசிந்த குழாயைக் கரித்து அடைத்து, இம்ப்ளான்டைக் கழுவித் திரும்ப வைத்து, கசிவு வெளியே வடிய டிரெயின் என்ற குழாயைப் போட்டோம். மூன்றாம் நாள் டிரெயினை எடுத்தோம். தொடாமல் வைத்திருந்த சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி இதற்குப் போனது.

மறுநாள் காலை அவர் அம்மாவிடம் தலைவலி மாத்திரை கேட்டபோது நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும், ஆஸ்பிரின் கலந்த மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்காக மெடிக்கலில் வாங்கி வைத்திருப்பது; ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பும் குடித்திருக்கிறார். ஆஸ்பிரின் வேண்டாம் என்று எங்கள் தாளில் இருந்தது, அவரும் படித்திருந்தார். ஆனால் அவருக்கு அது தலைவலி மாத்திரை, ஆஸ்பிரின் இல்லை. ரத்தம் கட்டியதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களை ஒரு வாரத்துக்கு மேல் மந்தமாக்கும் என்பது மட்டும் உறுதி.

வீட்டுக்குப் போன பிறகு

மாமியாரிடம் "சின்னக் கட்டி எடுத்தாங்க" என்று சொல்லியிருந்தார். சின்னக் கட்டிக்கு எத்தனை நாள் ஓய்வு கொடுப்பார்கள்? எட்டாம் நாள் குக்கர் தூக்க ஆரம்பித்தார், மூன்றாவது வாரம் சின்னவனை இடுப்பில் வைத்திருந்தார். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தோம். இடது பக்கம் மறுபடி வீங்கி வந்து நின்றார். ஸ்கேனில் கொஞ்சம் நீர் மட்டும் தெரிந்தது, தானே வற்றியது. அதன் பிறகு மாமியாரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். "மொதல்லயே சொல்லியிருந்தா பையன நான் வச்சிருப்பனே" என்றதோடு மாமியார் அந்தப் பேச்சை முடித்துவிட்டாராம். நல்லவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. அதனால் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று நாங்கள் அறிவுரை சொல்வதில்லை. வீட்டு வேலையை ஏற்றுக்கொள்ளப் போகிற ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

ஓராண்டு முடிவில் வலது பக்கம் இயல்பாக இருந்தது. இடது பக்கம் தொட்டால் மட்டும் கெட்டியாகத் தெரிந்தது. இம்ப்ளான்டைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை சுருங்குவதை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். இது இரண்டாம் நிலை. மூன்றில் உருவம் மாறும், நான்கில் வலிக்கும். ரத்தம் கட்டிய பக்கத்தில் இது வரும் வாய்ப்பு கூடுதல். இடது காம்பின் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் உணர்ச்சி இல்லை. தழும்பு கறுத்துத் தடித்திருந்தாலும் மடிப்புக்குள் மறைந்துவிட்டது. திருப்தியா என்று கேட்டோம். "ஜாக்கெட் பேட் இல்லாம போடறேன், அது சந்தோசந்தான். இடது பக்கம் மட்டும் சில நேரம் வேற யாருதோ மாதிரி இருக்கு. ஆனா மறுபடி கேட்டாலும் செஞ்சுக்குவேன்னுதான் சொல்லுவேன்."

இந்த நிகழ்வுக்குப் பிறகு மாற்றியவை

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள், லேகியம், சத்துப்பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். பையைக் கொட்டிப் பார்ப்பது நர்ஸின் வேலை, இரண்டு வாரம் முன்பே.

குடும்ப வரலாற்றை வீட்டில் மூத்த பெண் ஒருவரிடம் தனியாகக் கேட்கிறோம். நேரில் வர முடியாதவரிடம் போனில். புற்றுநோய் என்ற சொல்லை முதலில் எடுப்பதில்லை. யாருக்காவது மார்பிலோ அடிவயிற்றிலோ ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, எந்த வயதில் என்றுதான் தொடங்குகிறோம். முன்பு வராத பதில்கள் இப்போது வருகின்றன.

செலவுத் தாளில் இரண்டாவது ஆபரேஷன், ஸ்கேன்கள், என்றாவது எடுக்க நேர்ந்தால் அதற்கான தொகை எல்லாம் முதல் பக்கத்திலேயே வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. இம்ப்ளான்ட் அட்டையின் படத்தை டிஸ்சார்ஜ் அன்றே நோயாளியின் கைபேசிக்கும் வீட்டில் ஒருவரின் கைபேசிக்கும் அனுப்புகிறோம். கம்பெனி, தொடர் எண், மேற்பரப்பின் வகை தெரியாவிட்டால், நாளை ஏதாவது திரும்பப் பெறப்படும்போது அந்தப் பட்டியலில் தன்னுடையது இருக்கிறதா என்றே ஒருவருக்குத் தெரியாமல் போகும்.

இவருடைய இடது பக்கம் இன்னும் இரண்டாம் நிலையிலேயே நிற்கிறது. அது மூன்றுக்குப் போனால் உறையை அகற்றிப் புது இம்ப்ளான்ட் வைப்பதா, இரண்டு பக்கமும் எடுத்துவிடுவதா என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். எடுத்துவிடலாம் என்றுதான் இப்போதைக்குச் சொல்கிறார். முதல் கண்காணிப்பு ஸ்கேன் 2028-ல்.